எரிகோ சாலையில் ஒரு கைபேசி

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 10ஆம் அதிகாரம், நல்ல சமாரியர் உவமை)



ஆண்டவர் சொன்ன பெரும்பாலான உவமைகளில் ஊர்ப் பெயர் வருவதில்லை. விதைப்பவர் விதைத்த வயல் எந்த ஊரில் இருந்தது என்று நமக்குத் தெரியாது. இளைய மகன் சொத்தைப் பிரித்துக்கொண்டு போன தொலைநாடு எது என்றும் தெரியாது. ஆனால் இன்றைய உவமையில் மட்டும் புறப்பட்ட ஊரும் போய்ச்சேர வேண்டிய ஊரும் பெயரோடு வருகின்றன. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலை அது.

அந்த வழி இன்றும் இருக்கிறது. எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எரிகோவோ கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 250 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஓராயிரம் மீட்டர் இறக்கம். வழி நெடுக யூதேயப் பாலைநிலம், மொட்டை மலைகள், ஆழமான பள்ளத்தாக்குகள். கள்வர்கள் பதுங்குவதற்கு ஏற்ற இடம் என்று பார்த்தவுடனே தெரியும்.

புனித நாட்டுக்குத் திருப்பயணம் போய்வந்தவர்கள் இந்தச் சாலையை மறந்திருக்கமாட்டீர்கள். குளிர்சாதனப் பேருந்து வளைந்து வளைந்து இறங்கும். வழியில் 'கடல் மட்டம்' என்று எழுதிய இடத்தில் வண்டி நிற்கும். அங்கே அலங்கரித்த ஒட்டகத்தோடு ஒருவர் காத்திருப்பார். எல்லாரும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நல்ல சமாரியரின் சாவடி என்று மரபாகச் சொல்லப்படும் இடம் இன்று பழங்கால மொசைக் தரைகளைக் காட்டும் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கேயும் படம் எடுப்போம். சாலையின் இருபக்கமும் தகரத்தாலும் தார்ப்பாயாலும் கட்டிய குடிசைகள் தெரியும். ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு சிறுவன் எதிர்பாராத விதமாகப் பேருந்தின் முன்னால் வந்து நிற்பான். உடனே உள்ளே இருக்கும் அத்தனை கைபேசிகளும் சன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பும். 'எவ்வளவு அழகு! விவிலியக் காலத்தைப் பார்ப்பதுபோல இருக்கிறது!' என்போம். பேருந்து நகர்ந்துவிடும்.

அந்தச் சிறுவன் யார்? ஜகாலின் என்ற பெதுவின் குலத்தவர்கள் பலர் அந்தச் சாலையோரங்களில் வாழ்கிறார்கள். நெகேவ் பாலைநிலத்திலிருந்து 1950களில் இடம்பெயர்க்கப்பட்டு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இவர்கள். கான் அல்-அக்மர் என்ற சிற்றூரில் 2009இல் பழைய டயர்களையும் மண்ணையும் வைத்து இவர்களுடைய குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டப்பட்டது. அந்த ஊரை இடித்து அகற்றலாம் என்று 2018இல் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. 'வீடு எப்போது போகும்?' என்ற கேள்வியோடுதான் அங்கே உள்ள தாய்மார்கள் அடுப்பு மூட்டுகிறார்கள். இது எதுவும் நம்முடைய படத்தில் வராது. நம்முடைய படத்தில் வருவது ஆடும் சிறுவனும் மாலை வெயிலும்தான்.

அன்பர்களே, படம் எடுப்பது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. வெளிநாட்டுப் பயணம் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கிறது. நடக்க முடியாத அம்மாவுக்கு லூர்து கெபியைக் காட்ட வேண்டும், பேரப்பிள்ளைக்கு உரோமையைக் காட்ட வேண்டும் என்று எடுக்கப்படும் படங்களில் அன்பு இருக்கிறது. 2025 யூபிலி ஆண்டில் புனிதக் கதவைக் கடந்துவிட்டு வந்தவர்கள் அந்த நினைவை ஒரு படமாக வைத்துக்கொண்டதில் என்ன குறை? பயணத்தில் திட்டமிட்டு எடுத்த படங்களைவிட, திட்டமிடாமல் கிடைத்த படங்கள்தாம் நெஞ்சில் நிற்கின்றன என்பதும் உண்மை. திடீரென்று பெய்த மழை, முன்பின் தெரியாத ஒரு பாட்டியின் சிரிப்பு, கோவில் படியில் தூங்கிப்போன குழந்தை. இவையெல்லாம் இறைவன் வழியில் வைக்கும் கொடைகள். கொடையை எப்படிப் பெற்றுக்கொள்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

மீண்டும் உவமைக்கு வருவோம். அடிபட்டுக் கிடந்த மனிதரை மூன்று பேர் எதிர்கொண்டார்கள். மூவரும் பயணிகள். மூவருக்கும் அது எதிர்பாராத காட்சி. குரு அவரைக் கண்டார், லேவியர் கண்டார், சமாரியரும் கண்டார். 'காணவில்லை' என்று லூக்கா யாரைப் பற்றியும் சொல்லவில்லை. மூவருக்கும் கண் இருந்தது, மூவர் கண்ணிலும் ஒரே காட்சிதான் விழுந்தது. வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. இருவர் மறுபக்கமாக விலகிப் போனார்கள். மூன்றாமவருக்கு மனம் இளகியது. அவர் பக்கத்தில் போனார். காண்பதற்கும் பக்கத்தில் போவதற்கும் நடுவே இருக்கும் அந்தச் சில அடி தூரத்தில்தான் இந்த உவமை முழுவதும் நடக்கிறது.

இராபர்ட் காப்பா என்ற புகழ்பெற்ற போர்க்களப் படக்கலைஞர் ஒரு கருத்தை அடிக்கடி சொல்வாராம்: படம் நன்றாக வரவில்லை என்றால் நீ போதுமான அளவு பக்கத்தில் போகவில்லை என்று பொருள். தொழில் தெரிந்தவர் சொன்னது. ஆனால் இன்று நம் கையில் இருக்கும் கருவி, கால் நகராமலே பக்கத்தில் போக நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. இரண்டு விரலால் திரையை விரித்தால் போதும், நூறு அடிக்கு அப்பால் இருக்கும் முகம் நம் உள்ளங்கைக்குள் வந்துவிடுகிறது. அந்த முகத்துக்கு உரியவருக்கு நாம் அங்கே இருப்பதே தெரியாது. அவருடைய முகம் நம்மிடம் வந்துவிட்டது. நாம் அவரிடம் போகவே இல்லை.

உலகமே அறிந்த ஒரு படத்தின் வரலாற்றை உங்களுக்குச் சொல்கிறேன். 1984ஆம் ஆண்டு. ஆப்கானிஸ்தானில் போர் நடக்கிறது. இலட்சக்கணக்கானவர்கள் அகதிகளாகப் பாகிஸ்தானுக்குள் வருகிறார்கள். பெஷாவர் நகருக்கு அருகில் நாசிர் பாக் என்ற முகாமில் அமெரிக்கப் படக்கலைஞர் ஸ்டீவ் மெக்கரி நடந்துகொண்டிருக்கிறார். ஒரு கூடாரத்திலிருந்து குழந்தைகளின் குரல் கேட்கிறது. எட்டிப் பார்க்கிறார், சிறுமிகளுக்கான பள்ளிக்கூடம். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு உள்ளே போகிறார். சிவப்புத் துணியால் தலையைப் போர்த்திய, பச்சைக் கண்கள் கொண்ட ஒரு சிறுமி அங்கே இருக்கிறாள். ஏறக்குறைய 12 வயது இருக்கும்.  சில நிமிடங்களில் படம் எடுத்து முடிகிறது.

1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் அந்தப் படம் வந்தது. எத்தனையோ சுவர்களில் அது ஒட்டப்பட்டது. அகதிகளின் துயரத்தை அந்த இரண்டு கண்களும் உலகத்துக்குச் சொல்லின. 'ஆப்கான் சிறுமி' என்றே எல்லாரும் அவளை அழைத்தார்கள். ஏன் தெரியுமா? அவளுடைய பெயர் யாருக்கும் தெரியாது. படம் எடுத்தவருக்கும் தெரியாது. கேட்டு வைக்கவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2002இல், அவரைத் தேடி ஒரு குழு போனது. பலரைப் பார்த்து, பலரிடம் விசாரித்து, கடைசியில் கண்டுபிடித்தார்கள். கண்ணின் கருவிழிப் படலத்தை ஒப்பிட்டுத்தான் அவர்தான் என்று உறுதி செய்தார்கள். அவருடைய பெயர் சர்பத் குலா. திருமணமாகி, பிள்ளைகளோடு, மலைநாட்டில் வறுமையில் வாழ்ந்துகொண்டிருந்தார். தன்னுடைய படம் உலகப் புகழ் பெற்றது அவருக்குத் தெரியாது. அந்தப் படத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. முகாமில் படம் எடுத்த அந்த நாள் மட்டும் நினைவில் இருந்தது. அந்நியர் ஒருவர் தன்னைப் படம் எடுத்ததால் வந்த கோபம் நினைவில் இருந்தது. அந்தக் கண்களில் நாம் பார்த்து வியந்ததில் எவ்வளவு அச்சம், எவ்வளவு கோபம் என்று நாம் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகும் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 2016இல் போலி அடையாள அட்டை வைத்திருந்தார் என்று பாகிஸ்தானில் கைது செய்யப்பட்டு, ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். 2021இல் அங்கே ஆட்சி மாறியபோது இத்தாலி நாடு அவருக்கு அடைக்கலம் கொடுத்து உரோமைக்கு வரவழைத்தது. தேடிக் கண்டுபிடித்த பிறகு, ஆப்கான் பெண் குழந்தைகளின் கல்விக்காக அந்த இதழ் ஒரு நிதியைத் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். தாமதமாக என்றாலும் திரும்பிப் போனார்கள். அது நல்ல காரியம்.

நேயர்களே, நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று யோவான் நற்செய்தியில் கேட்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியா உயிர்த்த ஆண்டவரைக் கண்டபோதும் அடையாளம் தெரியவில்லை. அவர் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் தெரிந்தது. முகத்தைப் பார்ப்பது தொடக்கம். பெயரைக் கேட்பதுதான் உறவு. அடுத்த முறை வெளியூரில், வெளிநாட்டில், ஓர் அந்நியரின் முகம் உங்களைத் தடுத்து நிறுத்தினால், படம் எடுக்கும் முன்னோ எடுத்த பின்னோ, அவர் பெயரைக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் உங்கள் நெஞ்சில் கை வைத்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவரும் தன் பெயரைச் சொல்வார்.

இன்னொரு படம். இதைச் சொல்வது எளிதல்ல. 1993 மார்ச் மாதம். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கெவின் கார்ட்டர் என்ற படக்கலைஞர் சூடான் நாட்டில் பஞ்சம் வாட்டிய அயோத் என்ற ஊருக்குப் போயிருந்தார். உணவு வழங்கும் மையத்துக்குப் போகும் வழியில் எலும்பும் தோலுமான ஒரு குழந்தை தரையில் குனிந்து கிடக்கிறது. சற்றுத் தள்ளிக் கழுகு ஒன்று வந்து உட்காருகிறது. கார்ட்டர் படம் எடுத்தார். பிறகு கழுகை விரட்டினார். அந்தப் படம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்தபோது, வாசகர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? குழந்தை எழுந்து நடந்தது, ஆனால் மையத்தைச் சென்று சேர்ந்ததா என்று தெரியாது என்றுதான் அந்த நாளிதழால் பதில் சொல்ல முடிந்தது. 1994இல் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில், 33 வயதில், கார்ட்டர் இறந்துபோனார்.

அவரைத் தீர்ப்பிட நமக்கு உரிமை இல்லை. தொற்றுநோய் பரவும் என்பதால் யாரையும் தொட வேண்டாம் என்று அங்கே போன செய்தியாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தப் பஞ்சத்தை உலகத்தின் கண்முன் கொண்டுவந்ததும் அந்தப் படம்தான். அவர் மறுபக்கமாக விலகிப் போனவர் என்று சொல்லிவிட முடியாது. பலரும் போகத் துணியாத இடத்துக்குப் போனவர் அவர். ஆனால் வாசகர்கள் கேட்ட அந்தக் கேள்வி நம்முடையதும் ஆகும். நம்முடைய கைபேசியில் இருக்கும் முகங்கள், அவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? சாலையில் விபத்து நடந்தால் முதலில் கை எங்கே போகிறது? அடிபட்டவரைத் தூக்கவா, சட்டைப் பைக்கா? இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் ஊர் நெடுஞ்சாலையிலேயே எரிகோ சாலை இருக்கிறது.

ஒரு நிமிடம் காட்சியைத் திருப்பிப் பார்ப்போம். வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் மணல் பாதையில் முழந்தாளிட்டு நகர்ந்து போவதைப் பார்த்திருக்கிறீர்கள். மகனின் உயிருக்காக, மகளின் வாழ்வுக்காக ஒரு தாய் வெயிலில் அழுதுகொண்டே நகர்ந்து போகிறார். அப்போது தொலைநாட்டிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி குறுக்கே வந்து, அந்தத் தாயின் முகத்துக்கு நேரே கருவியை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படி இருக்கும் நமக்கு? 'இது காட்சிப்பொருள் இல்லை ஐயா, இது வேண்டுதல்' என்று சொல்லத் தோன்றும் இல்லையா? அதே பயணி சற்றுத் தள்ளி நின்று, கை கூப்பி, அந்தத் தாய் கோவில் வாசலைச் சேரும்வரை காத்திருந்து, பிறகு வந்து பேசினால்? நம் மனமே மாறிவிடும். பிறர் நமக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறோமோ அதையே நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் கற்றுக்கொடுத்தாரே, அது கைபேசிக்கும் பொருந்தும். லூர்து நகரில் சக்கர நாற்காலியில் வரிசையாக வரும் நோயாளிகளும், ஏதோ ஒரு நாட்டுச் சிற்றாலயத்தில் தனியாக மெழுகுவர்த்தி ஏற்றும் முதியவரும் அந்த வேளாங்கண்ணித் தாயைப் போன்றவர்களே.

அப்படியானால் என்ன செய்யலாம்? சமாரியர் செய்ததிலிருந்தே மூன்று செயல்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நில்லுங்கள். சமாரியருக்கும் வேலை இருந்தது, போய்ச்சேர வேண்டிய ஊர் இருந்தது. ஆனாலும் அவர் நின்றார். ஐந்து நாளில் ஏழு ஊர் என்று ஓடும் பயணத்தில் எதிர்பாராதது நடந்தாலும் அது நம் கண்ணில் படாது. ஓர் இடத்திலாவது, கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கலிலேயக் கடற்கரையானாலும் சரி, புனித பேதுரு வளாகமானாலும் சரி. முதலில் கண் பார்க்கட்டும், பிறகு கருவி பார்க்கட்டும். திருப்பலி நேரத்திலோ கருவி பைக்குள்ளேயே இருக்கட்டும். மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பர் 8ஆம் நாள் பொது மறைக்கல்வி உரையில் இதை வேடிக்கையாகவும் வருத்தமாகவும் சொன்னார்: இதயங்களை மேலே எழுப்பச் சொல்லித்தான் குருவானவர் அழைக்கிறார், கைபேசிகளை உயர்த்தச் சொல்லி அல்ல என்று. மக்கள் மட்டுமல்ல, குருக்களும் ஆயர்களும்கூட அப்படிச் செய்கிறார்கள் என்று அவர் வருந்தினார். ஆகவே இது எனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதுதான்.

இரண்டாவது, கேளுங்கள். புன்னகையோடு கருவியைக் காட்டித் தலையசைத்தால் எந்த நாட்டிலும் புரியும். அவர் மறுத்தால் அதை முழு மனதோடு ஏற்றுக்கொள்ளுங்கள். மறுக்க உரிமை உள்ளவர் என்று ஒருவரை நடத்துவதே அவரை மனிதராக மதிப்பதன் அடையாளம். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். 'கேட்டால் அந்த இயல்பான நொடி போய்விடுமே' என்பீர்கள். போகட்டும். போன நொடிக்குப் பதிலாக ஓர் உரையாடல் கிடைக்கும். எம்மாவு சீடர்கள் ஆண்டவரை அறிந்துகொண்ட அதே நொடியில் அவர் அவர்கள் கண்ணிலிருந்து மறைந்தார். அவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அன்று இரவே எருசலேமுக்குத் திரும்பி ஓடும் அளவுக்கு அவர்கள் உள்ளம் நிறைந்திருந்தது.

மூன்றாவது, திருப்பிக் கொடுங்கள். சமாரியர் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததோடு முடித்துக்கொள்ளவில்லை. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். அவருடைய இரக்கத்துக்கு ஒரு திரும்பி வருதல் இருந்தது. நாமும் எடுத்த படத்தை அவருக்கே காட்டுவோம். முகவரி வாங்கி அனுப்பி வைப்போம்; இன்று கைபேசி எண் இருந்தால் அந்த இடத்திலேயே அனுப்பிவிடலாம். தன் சொந்த முகத்தைப் பார்க்க ஒருவர் 17 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம். வீடு வந்ததும் ஆல்பத்தைப் பிறருக்குக் காட்டும்போது, 'இது ஓர் ஏழைச் சிறுவன்' என்று சொல்லாமல், அவன் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். அவனுக்காகக் குடும்ப செபத்தில் ஒரு மன்றாட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். படம் அப்போது செபமாகும்.

அன்பர்களே, திருச்சட்ட அறிஞர் ஆண்டவரிடம் தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்டார். ஆண்டவரோ கதையைச் சொல்லிவிட்டு, கேள்வியைத் திருப்பிப் போட்டார்: அந்த மூவரில் அடிபட்டவருக்கு அடுத்திருப்பவராய் நடந்துகொண்டவர் யார்? வழியில் எதிர்பாராமல் எதிர்ப்படுகிறவரை நாம் பார்ப்பது மட்டும் இல்லை. அவரும் நம்மைப் பார்க்கிறார். நம்முடைய படத்தில் அவர் எப்படித் தெரிகிறார் என்று நாம் கவலைப்படுகிறோம். அவருடைய கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம்? பேருந்து சன்னலுக்குப் பின்னால் வரிசையாக உயர்ந்த கைபேசிகளாகவா? அல்லது இறங்கி வந்து பெயர் கேட்ட ஒரு மனிதராகவா?

மன்றாடுவோம். ஆண்டவரே, பயணம் போகும் எங்கள் மக்கள் அனைவரையும் காத்தருளும். நீர் வழியில் வைக்கும் கொடைகளைக் காணக் கண்ணையும், கண்டதன் பக்கத்தில் போகக் காலையும், பக்கத்தில் போனபின் பெயர் சொல்லி அழைக்க நாவையும் எங்களுக்குத் தாரும். வீடிழந்து, நாடிழந்து, எங்கள் படங்களில் பெயரில்லாமல் நிற்கும் எல்லாரையும் நீர் பெயர் சொல்லி அறிந்திருக்கிறீர். அவர்களை எங்கள் உடன்பிறப்புகளாக ஏற்றுக்கொள்ள எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.